தெருவில் நின்றே தெரியும்: வீட்டில் வீணை வீணையாகக் கேட்க எதைப் பார்த்து வாங்குவது?

யாங்கூன் அனோரத்தா சாலையில் காளியம்மன் கோயில் பக்கமாக நடந்து போகிறோம். உள்ளே நாதஸ்வரம் ஒலிக்கிறது. ஆள் ஊதுகிறாரா, குழாய் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்களா என்று எட்டிப் பார்க்காமலே சொல்லிவிடுகிறோம். 1871இல் தமிழர்கள் எழுப்பிய கோயில் அது. வாசலுக்கு வெளியே நடைபாதைக் கடைகளும் பஸ் சத்தமும் ஓயாது. அந்த இரைச்சலுக்கு நடுவிலும், மதில் மறைத்தாலும், காது ஏமாறுவதில்லை.

எப்படித் தெரிகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால், வீட்டுக்கு ஆடியோ வாங்குவதில் இருக்கும் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். என்னிடம் ஆலோசனை கேட்பவர்கள் எல்லாரும் ஆரம்பிப்பது “எத்தனை வாட் வாங்கலாம்?” என்றுதான். என் மாமா மகன் அப்படித்தான் போன வருஷம் ஆளுயரப் பெட்டி இரண்டு வாங்கி வந்தான். பாட்டுக்கேற்ப விளக்கு எரியும், ஜன்னல் அதிரும். அதில் ஒரு வீணைக் கச்சேரியைப் போட்டுக் கேட்டோம். தந்திக் கம்பி கனத்த கயிறு போல முனகியது. ஒரு மாதச் சம்பளம் போயே போய்விட்டது. அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

உரைகல் எது?

தங்கம் வாங்கும்போது உரைகல் வேண்டும். ஒலிக்கும் அப்படித்தான். மைக் இல்லாமல், மின்சாரம் தொடாமல், நேராகக் காதில் விழும் குரலும் வாத்தியமும்தான் இங்கே உரைகல்.

சபாவில் கேட்ட கச்சேரி உரைகல் ஆகாது. அங்கே பாடகரின் குரல் மைக்கில் புகுந்து, ஒலியைப் பெருக்கும் ஆம்ப் வழியாக, மேடை ஓரத்து ஸ்பீக்கரிலிருந்துதான் நம்மிடம் வருகிறது. பல மேடைகளில் வீணையின் மரத்திலேயே ஒரு சிறு மைக்கை ஒட்டிவிடுகிறார்கள். அது கம்பியின் அதிர்வைப் பிடிக்கும், குடம் காற்றில் பரப்பும் ஒலியைப் பிடிக்காது. அதையே கேட்டுப் பழகியவருக்கு வீணையின் உண்மையான குரல் முதல்முறை கேட்கும்போது மெலிதாகத் தோன்றும். அந்த மென்மைதான் வீணை.

கோயிலில் ஒலிபெருக்கி கட்டாத காலை நேரத்து மேளம், பஜனையில் பக்கத்தில் உட்கார்ந்து பாடுபவரின் குரல், பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யும் மிருதங்கம், அக்கம்பக்கத்து விழாவில் மைக் வைக்காத சைங்-வைங் என்ற பர்மிய வாத்தியக் குழு என்று எது கிடைத்தாலும் கேளுங்கள். எதுவுமே கிடைக்காவிட்டாலும் உங்கள் அம்மாவின் பேச்சுக்குரல் இருக்கிறது. உலகத்தில் அதைவிட நன்றாக உங்கள் காதுக்குத் தெரிந்த ஒலி வேறில்லை.

ஒலியும் அதன் சேர்மானமும்

கம்பியோ தோலோ குரல்வளையோ அதிரும்போது காற்றும் சேர்ந்து அதிர்கிறது. ஒரு நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற எண்ணிக்கைதான் அதிர்வெண். அதன் அளவு ஹெர்ட்ஸ். மனிதக் காது சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆணின் ஆதார ஸட்ஜம், அதாவது அடிச்சுரமான ‘ஸ’, ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கு அது 196.

ஆனால் ஒரு ஸட்ஜம் என்பது ஒற்றை அதிர்வெண் அல்ல. 131 பிறக்கும்போது அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுகளும் கூடவே பிறக்கின்றன. இவற்றை மேலொலிகள் என்போம். தம்புராவைக் கூர்ந்து கேட்டால் யாரும் மீட்டாத காந்தாரம் காற்றில் மிதப்பது கேட்குமே, அது மேலொலிதான். ஸட்ஜம் ஒன்றாகவே இருந்தாலும் வீணைக்கும் வயலினுக்கும் வித்தியாசம் தெரிவதற்கு, எந்த மேலொலி எவ்வளவு என்ற சேர்மானம் ஒரு பெரிய காரணம்.

இதைச் சாம்பாரோடு ஒப்பிடலாம். பருப்பு, புளி, பெருங்காயம் மூன்றும் எல்லார் வீட்டுச் சாம்பாரிலும் உண்டு. அளவு மாறினால் வீடு மாறிவிடுகிறது. நல்ல ஸ்பீக்கர் தனக்கு வந்த சேர்மானத்தை அப்படியே பரிமாறும். மோசமான ஸ்பீக்கர் எல்லாக் குழம்பிலும் தன் கை மசாலாவை ஒரு பிடி போடும். ஸ்பீக்கர் எந்த அதிர்வெண்ணைக் கூட்டுகிறது, எதைக் குறைக்கிறது என்று வரைந்து காட்டும் கோட்டுக்கு ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ் என்று பெயர். அந்தக் கோடு மேடு பள்ளம் இல்லாமல் இருப்பது நல்லது.

கடைகளில் கவரும் ஸ்பீக்கர்களில் அடிப்பக்கமும் உச்சியும் தூக்கலாக இருக்கும். “தும் தும்” என்ற அதிர்வும் “ஸ்ஸ்” என்ற பளபளப்பும் முதல் ஐந்து நிமிஷம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் குரல், வீணை, வயலின், புல்லாங்குழல் எல்லாமே குடியிருப்பது நடுவில். ஒரு கட்டைக்காரர் கீழ் ஸ்தாயியின் ‘ப’வான மந்திர பஞ்சமத்துக்கு இறங்கினால்கூட 98 ஹெர்ட்ஸ்தான். நம் சங்கீதத்துக்கு மட்டும் என்றால் சப்வூஃபர் என்ற தனி அடிப்பெட்டி தேவையே இல்லை. சைங்-வைங்கில் தொங்கவிட்ட பெரிய முரசு முழக்கத்தையும் அப்படியே கேட்க ஆசைப்படுபவர் அதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

சுருக்கமாக: வாத்தியத்தின் அடையாளம் மேலொலிச் சேர்மானத்தில் இருக்கிறது. ஸ்பீக்கர் அதைக் கலைக்கக் கூடாது. நடுப்பகுதிதான் முதல்.

வாட் எதைச் சொல்கிறது?

சத்தத்தின் அளவு டெசிபல். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 60 டெசிபல். தவிலுக்குப் பக்கத்தில் நின்றால் 100 தாண்டும். இந்த அளவுகோல் ஏறும் விதம் விசேஷமானது. 10 டெசிபல் கூடினால் காதுக்குச் சுமார் இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும். அதற்குப் பத்து மடங்கு மின்திறன் வேண்டும். அந்த மின்திறனின் அளவுதான் வாட். ஆக, 50 வாட்டுக்குப் பதில் 100 வாட் வாங்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான்.

வாட் என்பது அடுப்பில் வைக்கும் விறகு. சோறு எவ்வளவு சீக்கிரம் வேகும் என்பது பானையையும் பொறுத்தது. ஸ்பீக்கரில் அந்தப் பானையின் தன்மைக்குச் சென்சிடிவிட்டி என்று பெயர்: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வரும் என்ற கணக்கு. வீட்டு ஸ்பீக்கர்களில் 86 என்பது சாதாரணமாகக் காணும் எண். அப்படி ஒரு ஜோடியை வைத்து மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், ஒரு வாட்டுக்கே சுமார் 80 டெசிபல் கிடைக்கும். வீணையை வீணையின் உண்மை அளவில் கேட்க அதில் பத்தில் ஒரு பங்கு வாட் போதும்! மிருதங்கத்தில் ஓங்கி விழும் ஓர் அடி 90 டெசிபலைத் தொட 10 வாட், 100 டெசிபலைத் தொட 100 வாட். ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி 91 ஆக இருந்தால் அந்த 100 வாட் 32 ஆகக் குறைந்துவிடும்.

பெட்டியில் ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. (கண நேர உச்சம் என்று சொல்லிக்கொள்வது) வாட் எண்ணை நம்பவே வேண்டாம். அதற்கு ஒழுங்கான அளவுமுறை கிடையாது. கடையிலேயே பெட்டியைத் திருப்பி, பின்பக்கத் தகட்டில் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். என் மாமா மகனின் பெட்டியில் முன்னால் 3,000 வாட், பின்னால் 60 வாட். உள்ளே போகாதது தொடர்ந்து வெளியே வர முடியாது.

முதல் தட்டு

இனி எனக்கு மிகப் பிடித்த இடம். மிருதங்கக்காரர் கச்சேரிக்கு முன் தொப்பியில், அதாவது கனத்த ஒலி தரும் இடப்பக்கத் தோலில், ரவையைக் குழைத்து அப்புவதைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? கட்டைவிரலால் அழுத்தி, ஓரத்தைத் தடவி, ஒரு தட்டு. போதவில்லை என்றால் இன்னும் ஒரு துளி தண்ணீர், இன்னொரு தட்டு. பர்மிய பட்-வைங் கலைஞரும் இதையேதான் செய்கிறார். வட்டமாகத் தொங்கும் 21 மத்தளங்களின் நடுவில் உட்கார்ந்து, சோற்றையும் சாம்பலையும் பிசைந்த பசையை ஒவ்வொன்றிலும் அப்பிச் சுருதி சேர்க்கிறார். இரண்டு ஊர்க் கைகளும் ஒரே வித்தையை அறிந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு நிறைந்துவிடும்.

அந்தத் தட்டில் கவனிக்க வேண்டியது அதன் தொடக்கம். விரல் தோலைத் தொடும் கணத்தில் ஒலி ஒன்றுமில்லாத நிலையிலிருந்து உச்சிக்குப் பாய்கிறது. அப்புறம்தான் “தீம்” என்ற கார்வை. வாத்தியத்தை அடையாளம் காண நம் காது அந்தத் தொடக்கத்தைப் பெரிதும் நம்புகிறது. பதிவில் தொடக்கத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டால், எந்த வாத்தியம் என்று சொல்வதே பல சமயம் கஷ்டமாகிவிடும்.

இங்கேதான் ஆம்புக்கு வேலை. சராசரி ஒலிக்கு ஒரு வாட்கூட வேண்டாத பாட்டு, ஓர் அடி விழும் கணத்தில் ஆம்பிடம் நூறு மடங்கு வாட் கேட்கும். 30 வாட் ஆம்பிடம் 100 கேட்டால் அலையின் உச்சி கத்தரித்ததுபோல் தட்டையாகிவிடும். இதற்குக் கிளிப்பிங் என்று பெயர். மிருதங்கம் அட்டைப்பெட்டியைத் தட்டினாற்போல ஆவதும், உச்ச ஸ்தாயியில் குரல் கரகரப்பதும் இதனால்தான். ஆகவே வாட் வேண்டியது அதிரடிக்காக அல்ல, அந்தக் கண நேரப் பாய்ச்சலுக்காக. நடுத்தர அறைக்கு நேர்மையான 50 வாட் போதுமானது.

பதிவிலேயே அந்தப் பாய்ச்சல் இல்லாமல் போவதும் உண்டு. எப்போதும் உரக்கக் கேட்க வேண்டும் என்று மெல்லியதைத் தூக்கி உயர்ந்ததை அமுக்கித் தயாரித்த பாட்டுகள் ஏராளம். எதிரொலியைக் கொட்டிக் குளிப்பாட்டிய பக்திப் பாடல்களும் அப்படித்தான். அவற்றைப் போட்டு ஸ்பீக்கரைச் சோதிக்காதீர்கள். குறைந்த மைக்குகளோடு எளிமையாகப் பதிந்த இரண்டு மூன்று கச்சேரிகளைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த அறையில் நின்று கேளுங்கள்

கோயில் வாசலுக்குத் திரும்புவோம். நடைபாதையில் நிற்கும் நமக்கு நாதஸ்வரத்தின் ஒலி நேராக வருவதில்லை. தூணில் பட்டு, கூரையில் பட்டு, மதிலைச் சுற்றி வருகிறது. வாத்தியம் முன்னால் மட்டும் ஒலிப்பதில்லை. பக்கவாட்டிலும் மேலும் கீழும் ஒலிக்கிறது. வீணையில் குடத்துப் பலகை முழுதும் அதிர்ந்து அறையெங்கும் ஒலியைப் பரப்புகிறது. சுவரில் பட்டுத் திரும்புவதும் அந்த வீணையின் ஒலிதான். அதனால்தான் சமையலறையில் இருந்துகொண்டே என் தங்கை முன்னறையில் எந்தக் கம்பியைச் சுருதி சேர்க்கிறாள் என்று சொல்லிவிட முடிகிறது.

ஸ்பீக்கர் அப்படியில்லை. அதில் முன்னால் தெரியும் அகலமான கூம்பு வடிவ ஒலிப்பான் உயர்ந்த ஒலிகளை டார்ச் வெளிச்சம்போல நேரே அடிக்கும், பக்கத்தில் சிந்தாது. அதன் மேலே ட்வீட்டர் என்ற சின்ன உச்சி ஒலிப்பான் இருக்கும். பல ஸ்பீக்கர்களில் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள் வேலை அதன் கைக்கு மாறுகிறது. அது அகலமாகப் பரப்பும். இரண்டும் கை மாறும் இடம் சரியாக இழையாவிட்டால், நேராக உட்கார்ந்தவருக்கு நல்ல வீணை கேட்கும், சுவருக்குப் போவது வேறு ஏதோ ஒன்றாக இருக்கும். காது இரண்டையும் சேர்த்தே கேட்டு “இது பெட்டி” என்று தீர்ப்புச் சொல்லிவிடும். காது மிகக் கூர்மையாக இருக்கும் பகுதியும் ஏறத்தாழ இதுவேதான், 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ்.

கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் என்ற விஞ்ஞானி ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து ஆட்களைக் கேட்கச் செய்தார். எது எந்த ஸ்பீக்கர் என்று தெரியாத நிலையில், நேர் ஒலியும் பக்க ஒலியும் சீராக இருந்தவற்றையே பெரும்பாலானவர்கள் விரும்பினார்கள். பிறகு 1994இல் ஷான் ஆலிவோடு சேர்ந்து செய்த சோதனையில், ஸ்பீக்கரைக் கண்ணால் பார்த்ததும் அதே ஆட்களின் மதிப்பெண்கள் மாறிப்போயின. விலையும் பளபளப்பும் காதை இழுத்துவிடுகின்றன. இதற்கெல்லாம் முன்பே, 1915 முதல், எடிசனின் நிறுவனம் அமெரிக்காவில் மேடை போட்டுப் பாடகரையும் ஃபோனோகிராஃபையும் அடுத்தடுத்துக் கேட்கவைத்தது. வித்தியாசமே தெரியவில்லை என்று கேட்டவர்கள் வியந்தார்கள். இயந்திரத்தின் ஒலிக்குத் தக்கபடி பாடகர்கள் தங்கள் குரலை அடக்கிப் பாடியதும் அதற்கு ஒரு காரணம்.

ஆகவே என் முதல் சோதனை இதுதான். ஸ்பீக்கரில் வீணையைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்கு நடந்து போய்விடுங்கள். அங்கிருந்து கேட்கும்போது யாரோ முன்னறையில் உட்கார்ந்து வாசிப்பதுபோல இருக்கிறதா, ரேடியோ பாடுவதுபோல இருக்கிறதா? கால் நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

சுருக்கமாக: சேர்மானம் கலையாத நேர் ஒலி, அமுங்காத முதல் தட்டு, நேர் ஒலியோடு ஒத்துப்போகும் பக்க ஒலி. இந்த மூன்றும்தான் கோயில் வாசலில் காதுக்குக் கிடைத்த துப்பு.

நம் வீட்டு அறை

யாங்கூன் அடுக்குவீடுகளில் பன்னிரண்டரை அடி அகலமும் ஐம்பது அடி நீளமும் கொண்ட வீடுகள் நிறைய. ரயில் பெட்டிபோல நீளம், டைல்ஸ் தரை, காங்கிரீட் சுவர். நடுவில் நின்று ஒரு கை தட்டுங்கள். “டர்ர்” என்று ஒரு நடுக்கம் தொடர்ந்தால், ஒலி இரண்டு சுவர்களுக்கும் இடையில் பந்தாடுகிறது என்று அர்த்தம். தரையில் பாய், ஜன்னலில் கனத்த திரை, பக்கச் சுவரில் புத்தக அலமாரி என்று வைத்தாலே அது அடங்கிவிடும். இதற்கு ஆகும் செலவு ஆம்பை மாற்றுவதைவிட மிகக் குறைவு. பலன் பல மடங்கு.

அடுத்தது அறை தானே பாடும் சுரங்கள். பன்னிரண்டரை அடி அகலத்தில் சுமார் 45 ஹெர்ட்ஸ் அலையும், அதன் மடங்குகளான 90, 135 அலைகளும் சுவர்களுக்கிடையில் அப்படியே நின்றுவிடும். ஓரிடத்தில் பொங்கும், ஓரிடத்தில் வற்றும். ஒன்றரை கட்டையின் ஆதார ஸட்ஜம் 139. அந்த 135க்கு வெகு பக்கம். சந்தேகமிருந்தால் சுருதிப்பெட்டிச் செயலியில் ஒன்றரை கட்டையை ஸ்பீக்கர் வழியாகப் போட்டுவிட்டு, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை மெல்ல நடந்து பாருங்கள். ஸட்ஜம் வீங்குவதும் மெலிவதும் காதுக்கே தெரியும். நாற்காலியை இரண்டடி நகர்த்துவதும், ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே கொண்டுவந்து பின்சுவருக்கு ஒன்றரை இரண்டடி இடம் விடுவதும் இதற்குத்தான். ட்வீட்டர் உட்கார்ந்தவரின் காது உயரத்தில் இருக்கட்டும்.

ஒலியளவையும் வாத்தியத்தின் உண்மை அளவுக்கே வையுங்கள். வீணையை நாதஸ்வர அளவுக்கு உரக்க வைத்தால் அறையளவு பெரிய வீணை கேட்கும்; அப்படி ஒன்று உலகில் இல்லை. மிகவும் தாழ்த்தினாலும் சரிவராது. சத்தம் குறையும்போது நம் காது கீழ் ஒலிகளை முதலில் விட்டுவிடும், மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போகும்.

பணத்தை எதில் போடுவது?

பெரும்பங்கு ஸ்பீக்கரில். ஐந்து அல்லது ஆறரை அங்குலக் கூம்பும் ட்வீட்டரும் உள்ள நல்ல ஒரு ஜோடி, அதே விலைக்கு விற்கும் ஆளுயரப் பெட்டியைவிடப் பெரும்பாலும் உண்மையாகப் பாடும். மீதியில் ஆம்ப். பாட்டு வருவது போனிலிருந்தா சிடியிலிருந்தா என்பதில் அதிகம் கவலைப்பட வேண்டாம். 1982இல் விற்பனைக்கு வந்த சிடியே ஒலி அலையை நொடிக்கு 44,100 முறை அளந்து மாதிரி எடுத்து, காதுக்கு எட்டும் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறது. வயருக்குச் சாதாரணச் செம்புக் கம்பி போதும்.

ஆனால் நம் ஊரில் ஒரு தனிச் செலவு உண்டு. கரண்ட் போய் வரும் வீட்டில் இன்வெர்ட்டரையும் பார்க்க வேண்டும். மலிவான இன்வெர்ட்டர்கள் தரும் மின்சாரம் படிக்கட்டு வடிவ அலையாக இருக்கும். சில ஆம்புகள் அதில் ஓயாமல் ரீங்கரிக்கும். தூய சைன் அலை தரும் இன்வெர்ட்டரில் அந்தத் தொல்லை இல்லை. தெருவில் ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் எந்த ஸ்பீக்கரும் தம்புராவைக் காப்பாற்றாது. விடியற்காலையில் கேளுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் பாட்டுகளை நீங்களே கொண்டுபோங்கள். வீட்டில் ஒருவர் பேசுவதையும் பாடுவதையும் பதிந்துகொண்டு, அவரையும் கூட்டிப்போக முடிந்தால் இன்னும் நல்லது. போன் மைக் முழு உண்மையைப் பிடிக்காது. இருந்தாலும் மூக்கால் பேசுவதுபோலவோ, பானைக்குள்ளிருந்து பேசுவதுபோலவோ ஒரு ஸ்பீக்கர் திரித்தால் உடனே பிடிபடும். இரண்டு ஜோடிகளை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சத்தத்தில் ஒலிக்கிறதா என்று பாருங்கள். ஒன்று ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே, “இதில் சத்தம் அதிகம்” என்று தோன்றாது, “இதுதான் நல்லது” என்று தோன்றும். போனிலேயே டெசிபல் அளக்கும் செயலிகள் இருக்கின்றன. இந்த ஒப்பீட்டுக்கு அது போதும். முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு, எது எது என்று உங்களுக்குச் சொல்லாமல் வேறொருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஒரு முன்பணம் கட்டி இரண்டு நாள் வீட்டுக்கு எடுத்துப்போய்க் கேட்டுவிட்டுத் தரலாமா என்று கடைக்காரரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். பழைய ஸ்பீக்கர் விற்பவர்களில் சிலர் சம்மதிப்பார்கள். கொண்டுவந்து வைத்ததும் எதிரே உட்காராதீர்கள். வீணையைப் போட்டுவிட்டு நேரே சமையலறைக்குப் போய் டீ போடுங்கள்.